நாளையும் வரத் தோன்றுகிறதா?

நாற்பதைத் தாண்டியவர் எந்த மருத்துவரைப் பார்க்கப் போனாலும் மருந்துச் சீட்டோடு ஒரு வாக்கியமும் சேர்ந்து வரும்: "தினமும் அரை மணி நேரம் நடங்க." சொல்வது சரிதான். கேட்பவரும் மறுப்பதில்லை. அந்த வாரமே ஷூ வாங்குகிறார், விடியற்காலையில் அலாரம் வைக்கிறார், பத்துப் பதினைந்து நாள் நடக்கவும் செய்கிறார். பிறகு இரண்டு நாள் மழை பெய்கிறது, அல்லது ஊரில் ஒரு கல்யாணம் வருகிறது. நடை அதோடு நின்றுபோகிறது. ஷூ மட்டும் வாசலில் கிடக்கிறது.

நிலைமை எவ்வளவு பெரியது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த ஆய்வின் முடிவு 2014-இல் வெளிவந்தது. ஆய்வில் பங்கேற்றவர்களில் 54.4 சதவீதத்தினருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சியோ விளையாட்டோ செய்பவர்கள் பத்து சதவீதம்கூடத் தேறவில்லை. பத்தாண்டு கழித்து, 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் உலகளாவிய மதிப்பீடு ஒன்று வந்தது. 2000-இல் இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய 22 சதவீதம் பேர் போதிய அளவு உடலை அசைக்காதவர்களாக இருந்தார்கள். 2022-இல் அது ஏறக்குறைய பாதிப் பேராக உயர்ந்துவிட்டது. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம்.

உலக சுகாதார நிறுவனம் கேட்பது பெரிய அளவு ஒன்றும் இல்லை. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடம் கடுமையான உழைப்பு. அதோடு இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. இதனால் என்ன நன்மை என்று கேட்டால், சுகர் குறையும், பி.பி. அடங்கும், தூக்கம் வரும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். தெரியாமல் யாரும் நிறுத்துவதில்லை. தெரிந்தும் தொடர முடியாமல் போவது ஏன், தொடர்கிறவர்களைத் தொடர வைப்பது எது என்ற கேள்விக்கு உளவியலாளர்களும் பொருளாதார அறிஞர்களும் உடலியலாளர்களும் ஐம்பது ஆண்டுகளாகத் தனித்தனியே விடை தேடியிருக்கிறார்கள். அவர்கள் கண்டதை ஒன்றாக வைத்துப் பார்த்தால், மன உறுதியைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரைகளில் பாதி அடிபட்டுப்போகிறது.

முதலில் பணம். 'காசு கட்டிவிட்டால் போய்த்தானே ஆக வேண்டும்' என்ற நம்பிக்கையில்தான் பலர் ஜிம்மில் ஆண்டுச் சந்தா எடுக்கிறார்கள். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் 7,752 உறுப்பினர்களுடைய வருகைப் பதிவுகளை மூன்றாண்டு அளவில் அலசி, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் உள்ளே வந்திருந்தார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. அதே ஜிம்மில் பத்துத் தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு தடவைக்கு 10 டாலரில் முடிந்திருக்கும். பணம் கட்டும் நேரத்தில் மனிதர்கள் வரப்போகும் தங்களைப் பற்றி நல்லபடியாகவே கணக்குப் போடுகிறார்கள். காலை ஐந்தரைக்குப் போர்வையை விலக்கி எழ வேண்டியவர் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

சரி, கட்ட வைப்பதற்குப் பதில் கொடுத்துப் பார்த்தால்? அதையும் பார்த்திருக்கிறார்கள். 2021-இல் நேச்சர் இதழில் கேட்டி மில்க்மன் குழு வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. அமெரிக்க ஜிம் நிறுவனம் ஒன்றின் 61,293 உறுப்பினர்களிடம் 54 வகையான உத்திகளை நான்கு வாரம் சோதித்தார்கள். நினைவூட்டும் குறுஞ்செய்தி, சிறு பரிசுத் தொகை, பிறரோடு ஒப்பிட்டுக் காட்டுவது என்று பட்டியல் நீளம். அவற்றில் 45 சதவீத உத்திகள் வருகையை 9 முதல் 27 சதவீதம் வரை கூட்டின. நான்கு வாரம் முடிந்த பிறகும் விளைவு நின்றது வெறும் 8 சதவீத உத்திகளில்தான். எந்த உத்தி வெல்லும் என்று முன்கூட்டிக் கணிக்கச் சொன்னபோது வல்லுநர்களும் தவறிவிட்டார்கள்.

முதலிடம் பிடித்த உத்தி எது என்பது கவனிக்க வேண்டியது. ஒரு நாள் தவறவிட்டவர் அடுத்த முறை திரும்பி வந்தால் அதற்கென்று சில காசு கூடுதல் பரிசு. அவ்வளவுதான். தவறியவரைக் கடிந்துகொள்ளாமல், திரும்பி வந்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஏற்பாடு இது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழு 2010-இல் வெளியிட்ட பழக்க ஆய்வும் இதோடு ஒத்துப்போகிறது. 96 பேர் ஒரு புதுப் பழக்கத்தைத் தொடங்கினார்கள். அது தானாக நடக்கும் நிலையை எட்டச் சிலருக்கு 18 நாள் போதும் என்றும், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்றும் தெரிந்தது. நடுமதிப்பு 66 நாள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. '21 நாளில் பழக்கம் வந்துவிடும்' என்று மேடைதோறும் சொல்லப்படுவதை நம்பி, இருபத்திரண்டாம் நாள் தன்னையே நொந்துகொள்பவர்களுக்கு இந்த எண்கள் நியாயம் செய்கின்றன.

மில்க்மன் 2014-இல் செய்த இன்னொரு சோதனையும் உண்டு. கீழே வைக்க மனம் வராத ஒலிநூல்களை ஜிம்மில் மட்டுமே கேட்கலாம் என்று வைத்தார்கள். அடுத்த அத்தியாயத்துக்காகவே ஆட்கள் வந்தார்கள். தொடக்கத்தில் வருகை 51 சதவீதம் கூடியது. நவம்பர் கடைசியில் நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறை வந்தது. விடுமுறை முடிந்தபோது அந்தக் கூடுதல் காணாமல் போயிருந்தது. கதை பிடித்திருந்தது, ஜிம் பிடித்ததா என்பது வேறு கேள்வி.

வெளியிலிருந்து தரப்படும் காரணங்கள் ஆளை வாசல்வரை கொண்டுவந்து விடுகின்றன. உள்ளே இருத்தி வைக்கும் காரணம் வேறு. எட்வர்ட் டெசி 1971-இல் மாணவர்களுக்குத் துண்டுகளை இணைக்கும் புதிர்களைக் கொடுத்து இதைக் காட்டினார். புதிரை அவிழ்க்கக் காசு வாங்கிப் பழகியவர்கள், காசு நின்றதும் ஓய்வு நேரத்தில் அதைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அவரும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்த கோட்பாட்டின்படி ஒரு செயல் ஒருவருக்குள் வேர்விட மூன்று வேண்டும்: நானே தேர்ந்தெடுத்தேன் என்ற எண்ணம், எனக்குக் கை வருகிறது என்ற உணர்வு, கூட ஆள் இருக்கிறது என்ற நிறைவு. இந்தக் கோட்பாட்டை உடற்பயிற்சியில் பொருத்திப் பார்த்த 66 ஆய்வுகளை பெத்ரோ டெய்ஷெய்ரா குழு 2012-இல் தொகுத்தது. உடல்நலம் முக்கியம் என்ற எண்ணம் தொடங்கி வைக்கவும் ஓரளவு ஓட்டவும் உதவுகிறது. நெடுங்காலம் தொடர்பவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவது அந்தச் செயலே தரும் மகிழ்ச்சி.

புத்தாண்டுத் தீர்மானம் எடுத்தவர்களைப் பின்தொடர்ந்த கேட்லின் வூலி, அயலெட் ஃபிஷ்பாக் ஆய்வும் இதையேதான் கண்டது. தீர்மானத்தின் பயன் எவ்வளவு முக்கியம் என்று அவர்கள் சொன்னதை வைத்து, யார் நிலைப்பார் என்று கணிக்க முடியவில்லை. செய்யும்போது பிடித்திருக்கிறதா என்பதை வைத்துக் கணிக்க முடிந்தது. நம் வீடுகளில் நடைப்பயிற்சிக்குச் சொல்லப்படும் காரணங்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சுகர் ஏறிவிடும், அப்பாவுக்கு வந்த மாதிரி மாரடைப்பு வந்துவிடும், மகள் கல்யாணத்துக்குள் தொப்பை குறைய வேண்டும். எல்லாம் உண்மையான காரணங்கள். எல்லாமே நாளைக்கு உரியவை. இன்று காலை ஆறு மணிக்குக் கிடைப்பது என்ன என்பதற்கு அவற்றில் பதில் இல்லை.

இந்த இடத்தில் பேச்சு உடலுக்கு வர வேண்டும். உடற்பயிற்சி இனிக்கிறதா கசக்கிறதா என்பதில் மனநிலைக்குப் பங்கு உண்டு. உடலியலுக்கு இன்னும் பெரிய பங்கு உண்டு. பல ஆண்டுகளாக இதையே ஆராய்ந்துவரும் பாண்டெலிமோன் எக்கெக்காகிஸ் சொல்வது இது: மூச்சு திடீரென்று வேகமெடுக்கும் ஓர் எல்லை ஒவ்வொருவர் உடலிலும் இருக்கிறது. அதற்குக் கீழே நடக்கும்போது பெரும்பாலானோருக்கு உடல் இதமாக இருக்கிறது. எல்லையை ஒட்டிய வேகம் ஒருவருக்குப் பிடிக்கும், இன்னொருவருக்குப் பிடிக்காது. எல்லையைத் தாண்டினால் ஏறக்குறைய எல்லாருக்குமே அவஸ்தைதான். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் கீழே இருக்கிறோம். ஒரு முழு வாக்கியம் சொல்வதற்குள் மூச்சு வாங்கினால் தாண்டிவிட்டோம்.

இருபது ஆண்டு நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்த்த உடலில் அந்த எல்லை மிகத் தாழ்வாக இருக்கும். ஜிம் மாஸ்டர் 'சும்மா வார்ம் அப்' என்று வைக்கும் ட்ரெட்மில் வேகமே அந்த உடலுக்கு எல்லை மீறியதாக இருக்கலாம். எக்கெக்காகிஸும் எரிக் லிண்டும் 2006-இல் வெளியிட்ட சோதனையில் பெண்கள் தங்களுக்குப் பிடித்த வேகத்தில் ட்ரெட்மில்லில் நடந்தார்கள். இன்னொரு நாள் அந்த வேகத்தை விடப் பத்தே பத்து சதவீதம் கூட்டி வைத்தார்கள். எடை கூடிய பெண்களுக்கு இனிமை படிப்படியாகக் குறைந்துகொண்டே போனது. வழக்கமான எடை உள்ளவர்களிடம் அப்படி ஆகவில்லை. பத்து சதவீதம் என்பது பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். 'இன்னும் கொஞ்சம் வேகமா!' என்று கணவரோ பயிற்சியாளரோ அக்கறையோடு சொல்லும் அந்தக் கொஞ்சம், சிலருக்கு நாளைய வருகையையே பறித்துவிடுகிறது.

முதல் நாளே எல்லாக் கருவிகளையும் ஒரு சுற்று தொட்டுவிட்டு வந்தவர் மூன்றாம் நாள் மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்திருப்போம். புதிய பயிற்சிக்குப் பிறகு ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை வரும் அந்தத் தசைவலி ஆபத்தானதல்ல, தானே போய்விடும். ஆனால் உடல் அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் டேவிட் வில்லியம்ஸ் குழு 2008-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு, உட்கார்ந்தே பழகிய 37 பேரை ஒரு தடவை மிதமாக நடக்கவைத்து 'இப்போது எப்படி இருக்கிறது?' என்று கேட்டது. அன்று நன்றாக இருப்பதாகச் சொன்னவர்கள்தான் ஆறு மாதம் கழித்தும், ஓராண்டு கழித்தும் கூடுதல் நேரம் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். முதல் அனுபவம் அவ்வளவு தூரம் பேசுகிறது.

முடிவு எப்படி இருக்கிறது என்பதும் பேசுகிறது. சாக்கரி ஜென்கோ, எக்கெக்காகிஸ், டான் ஆரியலி மூவரும் 2016-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு குழு பதினைந்து நிமிட சைக்கிள் பயிற்சியை மெதுவாகத் தொடங்கிக் கடுமையில் முடித்தது. மற்றொரு குழு கடுமையில் தொடங்கி மெதுவாக முடித்தது. இரு குழுவும் செய்த உழைப்பு ஒன்றே. இறங்குமுகமாக முடித்தவர்கள் அதை இனிமையாக நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்தும் அந்த நினைவு மாறவில்லை. இது காசு செலவில்லாத சீர்திருத்தம். கொஞ்சம் உடலைச் சூடேற்றிக்கொண்டு, கடினமானதை முன்னால் முடித்து, கடைசிப் பத்து நிமிடத்தைச் சுகமாக வைத்துக்கொள்ள யாராலும் முடியும். நம் ஜிம்களில் 'கடைசி செட்' என்றாலே பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவது என்று ஆகியிருக்கிறது. ஆணழகன் போட்டிக்குப் போகிறவருக்கு அது பொருந்தலாம். ஐம்பது வயதில் முழங்கால் காக்க வந்தவருக்குப் பொருந்தாது.

எண்ணிக்கைக்கும் இதில் பங்கு உண்டு. நாளுக்குப் பத்தாயிரம் அடி என்பது ஜப்பானில் 1965-இல் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியோடு பரவிய இலக்கு. ஐ-மின் லீ குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி வயது 72 ஆன 16,741 பெண்களிடையே நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு குறைந்திருந்தது; ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. எண்ணுவது சிலருக்கு ஊக்கம் தரும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஜோர்டன் எட்கின் 2016-இல் காட்டியபடி, நடையை அளக்கத் தொடங்கியவர்கள் கூடுதலாக நடந்தார்கள், குறைவாக ரசித்தார்கள். கடிகாரத்தில் பத்தாயிரம் நிறைய வேண்டும் என்பதற்காக இரவு பதினொரு மணிக்கு ஹாலில் சுற்றிச் சுற்றி வருபவருக்கு அந்த நடை இன்னொரு அலுவலக வேலையாகிவிடுகிறது.

மகிழ்ச்சி தருபவற்றில் முதன்மையானது இன்னொரு மனிதரின் துணை. சாரா ஹான்சனும் ஆண்டி ஜோன்ஸும் 2015-இல் குழு நடை பற்றிய 42 ஆய்வுகளைத் தொகுத்தபோது, ரத்த அழுத்தம் முதல் மனச்சோர்வு வரை பலன் இருந்ததோடு, பங்கேற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் கடைசிவரை நின்றிருந்தார்கள். பெரியவர்களின் உடற்பயிற்சித் திட்டங்களில் இது நல்ல விகிதம். டென்மார்க்கில் பீட்டர் க்ருஸ்ட்ருப்பும் சக ஆய்வாளர்களும் விளையாட்டுப் பழக்கமில்லாத பெண்களை இரு குழுவாக்கி, ஒரு குழுவைக் கால்பந்தாடவும் மற்றதை ஓடவும் வைத்தார்கள். ஓடியவர்கள் தங்கள் உடல்நலத்தைப் பற்றிப் பேசினார்கள். ஆடியவர்கள் ஆட்டத்தைப் பற்றியும் ஒருவரைப் பற்றி ஒருவரும் பேசினார்கள். தான் வராவிட்டால் ஆட்டத்துக்கு ஆள் குறையும் என்ற எண்ணமே அவர்களை அழைத்து வந்தது.

2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பார்க்கில் பால் சின்டன்-ஹெவிட் என்பவர் 13 பேரை ஓடவைத்துத் தொடங்கிய பார்க்ரன் இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வாராவாரம் சனிக்கிழமை நடக்கிறது. ஐந்து கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, நடத்துவது தன்னார்வலர்கள். எல்லோருக்கும் பின்னால் நடந்து வரவே ஒரு தன்னார்வலர் உண்டு. அதனால் வருகிறவர் யாரும் கடைசி ஆளாக முடிப்பதில்லை. தடகளத்தில் தோற்றுப் பழகிய, பள்ளி விளையாட்டு மைதானத்தை நினைத்தாலே உள்ளுக்குள் சுருங்கும் பெரியவர்களுக்கு இந்தச் சிறு ஏற்பாடு எவ்வளவு பெரிய ஆறுதல்!

தமிழ்நாட்டிலும் இதற்குப் பஞ்சமில்லை. 2006 முதல் இயங்கும் சென்னை ரன்னர்ஸ் பகுதிவாரிக் கிளைகளோடு ஐம்பது வயதுக்காரர்களையும் ஓடவைக்கிறது. மதுரையோ கோவையோ, எந்த ஊரிலும் விடியற்காலையில் பூங்கா வாசலில் அருகம்புல் ஜூஸும் வாழைத்தண்டு சூப்பும் விற்பவரைச் சுற்றி வியர்த்த சட்டையோடு நாலு பேர் நிற்பார்கள். பேசுவது கிரிக்கெட்டாகவோ பென்ஷனாகவோ இருக்கும். அதில் ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் போன் போகும். 'நடந்து முடித்து அரட்டை அடிக்கிறார்கள்' என்று வீட்டில் குறைபட்டுக்கொள்வதுண்டு. ஆய்வுகளின்படி பார்த்தால் நடையைக் காப்பாற்றுவதே அந்த அரட்டைதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு எட்டு மணிக்கு ஷட்டில் ஆடுபவர்களும் அப்படித்தான். கலோரி எவ்வளவு எரிந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சர்வீஸ் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதில்தான் சண்டை.

கை வருகிறது என்ற உணர்வுக்கு வயது தடையில்லை. பஞ்சாபைச் சேர்ந்த ஃபவுஜா சிங், மகன் விபத்தில் இறந்த துயரத்துக்குப் பிறகு லண்டன் போய், அங்கே ஓட்டத்தில் இறங்கி, 2000-இல் 89 வயதில் முதல் மாரத்தானை முடித்தார். பாஸ்போர்ட் கணக்குப்படி நூறு வயதில், 2011-இல், டொரன்டோவிலும் முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. அவரைப்போல எல்லோரும் ஓட வேண்டியதில்லை. நாற்பத்தைந்தில் நீச்சல் கற்றுக்கொள்வதும், சிலம்பக் கம்பைச் சுழற்றப் பழகுவதும், போன மாதம் தூக்க முடியாத எடையை இந்த மாதம் தூக்குவதும் அதே உணர்வைத் தருகின்றன. கற்றுக்கொள்ள ஏதாவது மிச்சமிருக்கும் உடற்பயிற்சி சலிப்பதற்கு நாளாகும்.

ஆனால் இவ்வளவையும் தனிமனிதர் தலையில் மட்டும் ஏற்றிவிட முடியாது. நடக்க இடம் வேண்டும். இதற்குச் சென்னையிலேயே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. டாக்டர் வி. மோகன் தலைமையிலான ஆராய்ச்சி மையம் 1990-களின் பிற்பகுதியில் நகரின் இரு குடியிருப்புகளில் நீரிழிவு பற்றி ஆய்வு நடத்தியது. ஒன்று திருமங்கலம் ஏசியாட் காலனி. ஆய்வோடு விழிப்புணர்வுக் கூட்டங்களும் நடந்தன. அதைக் கேட்ட காலனிவாசிகள் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு நடப்பதற்கு ஒரு பூங்கா அமைத்தார்கள். தொடக்கத்தில் அங்கே வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதம். பின்னர் மறுபடி கணக்கெடுத்தபோது 58.7 சதவீதம். பரிசுத் தொகை இல்லை, குறுஞ்செய்தி இல்லை. தாங்களே தேர்ந்தெடுத்து, தாங்களே கட்டி, பக்கத்து வீட்டாரோடு நடக்கும் இடம் அது. டெசியும் ரயனும் சொன்ன மூன்றும் ஒரே வேலிக்குள் இருந்தன. அந்த உயர்வு முழுவதையும் பூங்காவின் கணக்கில் எழுதிவிட முடியாது. விழிப்புணர்வுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் நான்கு வாரச் சோதனைகளின் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் நீடித்த இந்த மாற்றத்தை வைத்துப் பார்த்தால், எதில் செலவிட வேண்டும் என்பது புரிகிறது.

பெண்களுக்கு இது இன்னும் அவசரம். போதிய அளவு உடலை அசைக்காத பெண்கள் 57 சதவீதம் என்ற எண்ணுக்குப் பின்னால் சோம்பல் இல்லை. காலை ஐந்தரை முதல் எட்டரை வரை, பூங்காக்கள் நடப்பவர்களால் நிறைந்திருக்கும் அந்த மூன்று மணி நேரமும் அவர்கள் அடுப்படியில் நிற்கிறார்கள். மாலையிலும் அதே கதை. 'வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே' என்று சொல்லி அவர்களை வீட்டிலேயே நிறுத்திவைக்கும் பேச்சு, நின்றுகொண்டே செய்யும் வேலையின் களைப்பையும் விரும்பி நடக்கும் நடையின் புத்துணர்ச்சியையும் ஒன்றாக்கிவிடுகிறது. மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடக்கும் பழக்கம் நம் பெண்களிடையே இவ்வளவு பரவியதற்குக் காரணம், அதற்கு யார் அனுமதியும் துணையும் தெருவிளக்கும் தேவையில்லை என்பதுதான். அவர்களுக்கு ஓரளவு நேரம் கிடைப்பது காலை பத்தரைக்கு மேல். அந்த நேரத்தில் பல ஊர்களில் பூங்காக் கதவு பூட்டிக் கிடக்கிறது. மரநிழல் உள்ள பூங்காவைப் பகல் முழுவதும் திறந்துவைக்க, சுத்தமான கழிப்பறை ஒன்றைப் பராமரிக்க, உடைந்த நடைபாதைக் கல்லை மாற்ற உள்ளாட்சி அமைப்புக்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை. ஒரு காவலாளியின் வேலை நேரத்தை மாற்றி எழுதினால் போதும்.